வட்டில் வகுத்த எல்லைகள்

தமிழகமும் கணினியும்: வரலாற்றுத் தொடர் – 17

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்களைக் கணினியின் உடைமையாளர்கள் ஆக்கியது. அன்று அதே மாவட்டத்தின் ஊராட்சிகளுள் ஒன்றாக இருந்து, மறுமாதமே விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்குள் வந்த மாத்தூரிலும், அதனைச் சூழ்ந்த மணலி, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய தொழிற்பகுதிகளிலும், ஆலைத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், மீனவர் ஆகியோரின் வீடுகள் பலவற்றுக்குள் நுழைந்த முதல் கணினி இத்திட்டத்தின் வழி வந்ததே. அம்மடிக்கணினிகளின் வன்வட்டில் விண்டோஸும், நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியை இயக்கியதும் இவ்விரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்கும் இந்த ஏற்பாட்டுக்கு இரட்டைத் தொடக்கம், அதாவது டூயல் பூட், என்பது வழக்கு.

ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ்வதற்கு வட்டினுள் எல்லைகள் வகுக்கப்பட வேண்டும். ஒவ்வோர் எல்லைக்குள்ளும் பல்லாயிரம் கோப்புகள் தத்தமக்குரிய இடத்தில் வைக்கப்பட வேண்டும். இவ்வெல்லைகளுள் சில தேர்ந்த சிந்தனையால் வகுக்கப்பட்டவை. வேறு சில, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் வட்டில் இடம் போதாமையால் தற்செயலாகப் பிறந்து, பின்னர் மரபாக இறுகியவை. எது கொள்கை, எது தற்செயல் என்பதை வரலாற்றைக் கொண்டே பிரித்தறிய இயலும் என்பதால், பாஸ் லினக்ஸின் உள்ளமைப்பை விளக்கும் இவ்வியல் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

மரவடிவின் தோற்றம்

கோப்புகளை அடைவுகளுக்குள்ளும், அடைவுகளை மேலும் பெரிய அடைவுகளுக்குள்ளும் வைத்து, ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரமாக ஒழுங்குபடுத்தும் எண்ணத்தை, மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக டேலியும் நியூமனும் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விரிவாக முன்வைத்தது. அடைவு என்பது கோப்புகளின் பெயர்ப் பட்டியலைத் தாங்கிய ஒரு கோப்பே ஆகும். இன்றைய பயனர்கள் இதனை ஃபோல்டர் என அறிவர். மல்டிக்ஸ் பணியிலிருந்து பெல் ஆய்வகம் 1969-இல் விலகியபின், அங்குப் பணியாற்றிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்னும் சிறு கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினர். அதன் முதல் வடிவில் அடைவுகள் இருந்தனவேனும், வேரிலிருந்து கோப்பு வரையுள்ள அடைவுகளின் பெயர்களைச் சாய்கோடுகளால் இணைத்துக் கூறும் பாதைப்பெயர் என்னும் வசதி இல்லை. அவர்கள் 1970-இல் பிடிபி-11 கணினிக்கு மாறிய பின்னரே அது உருவாயிற்று.

பெயரையும் பொருளையும் பிரித்து வைத்தது யூனிக்ஸின் நீடித்த பங்களிப்புகளுள் ஒன்று. கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், அளவு, அதன் உள்ளடக்கம் வட்டின் எப்பகுதிகளில் உள்ளது என்னும் குறிப்புகள் ஆகியன ஐநோட் எனப்படும் பதிவேட்டில் எண்ணிட்டு வைக்கப்பட, அடைவோ ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் ஐநோட் எண்ணை மட்டுமே குறித்துவைத்தது. இதனால் ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள் இருக்க முடிந்தது. பெரிய கோப்பொன்றை ஓர் அடைவிலிருந்து மற்றோர் அடைவுக்கு நகர்த்துவது, உள்ளடக்கத்தைத் தொடாமல் பட்டியலைத் திருத்துவதோடு முடிந்தது. ஆயின் ஐநோட் எண்கள் ஒரு கோப்பு முறைமைக்குள் மட்டுமே தனித்துவம் உடையவை ஆதலால், ஒரு வட்டிலுள்ள கோப்புக்கு மற்றொரு வட்டில் இத்தகைய இரண்டாம் பெயரைச் சூட்ட இயலாது. எல்லையைக் கடந்து நகர்த்தப்படும் கோப்பு முழுமையாகப் படியெடுக்கப்பட்டுப் பின் பழைய இடத்தில் அழிக்கப்படுவதும், அதனால் நேரம் பிடிப்பதும் இக்காரணத்தாலேயே.

வட்டுகள் பலவாயினும் மரம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, ஏற்றுதல், அதாவது மவுண்ட் என்னும் செயல் வகுக்கப்பட்டது. இதன்படி இரண்டாம் வட்டின் மரம் முழுவதும் முதல் வட்டின் ஏதேனும் ஓர் அடைவின்மீது பொருத்தப்படுகிறது. பொருத்தப்பட்ட பிறகு, தாம் தேடும் கோப்பு எந்த வட்டில் உள்ளது என்பதைப் பயனரோ நிரல்களோ அறிய வேண்டிய தேவை எழுவதில்லை. தனி மனிதர் பயன்படுத்திய நுண்கணினிகள் இதற்கு மாறான வழியில் சென்றன: சிபி/எம் இயங்குதளத்திலிருந்து டாஸ் பெற்றுக்கொண்ட மரபில், ஒவ்வொரு வட்டும் ஏ, பி, சி என ஓர் எழுத்தைப் பெற்றுத் தனித்தனி மரமாக நின்றது. நெகிழ்வட்டுகளுக்கு முதலிரண்டு எழுத்துகளும் வன்வட்டுக்குச் சி என்பதும் ஒதுக்கப்பட்ட அவ்வழக்கமே, நெகிழ்வட்டுகள் மறைந்த பின்னரும், விண்டோஸின் சி டிரைவாக இன்றளவும் தொடர்கிறது.

இடநெருக்கடி தந்த பிரிவு

பிடிபி-11 கணினியில் யூனிக்ஸ் முதலில் பெற்ற வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட் மட்டுமே. அதாவது, இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு படத்துக்கே போதாத இடத்தில் இயங்குதளம் முழுவதும் அடங்க வேண்டியிருந்தது. அடிப்படைக் கட்டளைகள் ‘பின்’ என்னும் அடைவிலும், அவை பகிர்ந்துகொள்ளும் நிரல் நூலகங்கள் ‘லிப்’ என்னும் அடைவிலும் வைக்கப்பட, பயனர்களின் சொந்தக் கோப்புகள் ‘யூஎஸ்ஆர்’ என்னும் அடைவின்மீது ஏற்றப்பட்ட வேறொரு வட்டில் இருந்தன. கட்டளைகள் பெருகி முதல் வட்டு நிறைந்தபோது, மிகுந்தவை பயனர்களின் வட்டுக்குள்ளேயே மற்றொரு ‘பின்’ அடைவும் மற்றொரு ‘லிப்’ அடைவும் அமைத்து அங்கு வைக்கப்பட்டன என்று யூனிக்ஸின் வளர்ச்சியை எழுதியோர் விளக்குகின்றனர். இரண்டாம் வட்டை ஏற்றுவதற்கு வேண்டிய கட்டளையே இரண்டாம் வட்டில் இருந்தால் கணினி எழவே முடியாது ஆகையால், தொடக்கத்துக்கு இன்றியமையாதவை வேர் வட்டிலும் ஏனையவை ‘யூஎஸ்ஆர்’ வட்டிலும் இருக்க வேண்டும் என்னும் விதியும் உடன் பிறந்தது.

காலப்போக்கில் பயனர்களின் கோப்புகள் ‘ஹோம்’ போன்ற வேறு அடைவுகளுக்குக் குடிபெயர்ந்தன. ‘யூஎஸ்ஆர்’ முற்றிலும் இயங்குதளத்துக்கே உரியதாயிற்று. 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பின் கையேடு, எந்த அடைவில் எது இருக்கும் என்பதைத் தனிப் பக்கம் ஒதுக்கி விவரித்தபோது, இடமின்மையால் நேர்ந்த பிரிவு எழுத்தில் இடம்பெற்ற ஒழுங்காகிவிட்டிருந்தது.

தரநிலை பிறந்த வரலாறு

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலைச் சுற்றிப் பல குழுக்கள் தத்தம் இயங்குதளத் தொகுப்புகளை உருவாக்கியபோது, ஒரே வகைக் கோப்பு ஒவ்வொரு தொகுப்பிலும் ஒவ்வோர் இடத்தில் கிடந்தது. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் தன் கோப்புகளைக் காணாமல் தடுமாறியது. இதனைச் சீர்செய்ய 1993 ஆகஸ்டில் தொடங்கிய முயற்சி, 1994 பிப்ரவரி 14 அன்று முதல் தரநிலையாக வெளிவந்து, பின்னர் பிற யூனிக்ஸ் வகைகளையும் கருத்திற்கொண்டு ‘கோப்பு முறைமைப் படிநிலைத் தரநிலை’ எனப் பெயர் மாற்றம் பெற்று, 2004-இல் 2.3 என்னும் பதிப்பையும் 2015-இல் 3.0 என்னும் பதிப்பையும் கண்டது.

இத்தரநிலை ஒவ்வொரு கோப்பையும் நோக்கி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இக்கோப்பு நிர்வாகி தலையிட்டாலன்றி மாறாததா, கணினி இயங்க இயங்கத் தானே மாறுவதா என்பது முதலாவது. இதனைப் பல கணினிகள் வலையமைப்பு வழியே பகிர்ந்துகொள்ளலாமா, இது இந்த ஒரு கணினிக்கே உரியதா என்பது இரண்டாவது. நிரல்களும் நூலகங்களும் மாறாதவை, பகிரத்தக்கவை என்பதால் ‘யூஎஸ்ஆர்’ அடைவில் இடம்பெறுகின்றன; 1980-களில் சன் நிறுவனம் அறிமுகப்படுத்திய வலையமைப்புக் கோப்பு முறைமையின் துணையோடு, ஓர் ஆய்வகத்தின் கணினிகள் அனைத்தும் ஒரே வழங்கியிலிருந்து அவ்வடைவை ஏற்றிக்கொள்ள முடிந்தது. கணினியின் பெயர், பயனர் பட்டியல், எந்தப் பிரிவை எங்கு ஏற்றுவது என்னும் அட்டவணை போன்ற அமைப்புக் கோப்புகள் தானே மாறாதவை, ஆயினும் பகிர இயலாதவை என்பதால் ‘இடிசி’ என்னும் அடைவில் உள்ளன. நிகழ்வுப் பதிவுகள், அச்சுக்கு வரிசையில் நிற்கும் ஆவணங்கள், மின்னஞ்சல் பெட்டிகள் முதலிய இடையறாது வளர்பவை ‘வார்’ அடைவிலும், தொடக்கத்துக்கு வேண்டிய கருநிரல் ‘பூட்’ அடைவிலும், ஒவ்வொரு பயனரின் சொந்த ஆவணங்கள் ‘ஹோம்’ அடைவினுள் அவரவர் பெயரிலும் வைக்கப்படுகின்றன.

2005-இல் நடுவண் அரசு சென்னையில் நிறுவிய கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் வழியாக உருவாகி, 2007 ஜனவரியில் முதற்பதிப்பு வெளியிடப்பட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் என்னும் தொகுப்பின்மீது எழுப்பப்பட்டதால், இவ்வொழுங்கை முழுமையாகப் பெற்றுக்கொண்டது. கோப்பு முறைமைத் தரநிலையைத் தன்னுள் கொண்ட லினக்ஸ் அடிப்படைத் தரநிலைக்கு இணங்கியதாக அதற்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. தமிழ்ப் பயனருக்கு இதன் பொருள் நேரடியானது. தமிழ் எழுத்துருக்கள் ‘யூஎஸ்ஆர்’ அடைவினுள் உள்ள ‘ஷேர்’ அடைவின் எழுத்துருப் பகுதியிலும், பட்டிகளையும் அறிவிப்புகளையும் தமிழில் காட்டும் மொழிபெயர்ப்புக் கோப்புகள் அதே ‘ஷேர்’ அடைவில் தமிழுக்குரிய ‘டிஏ’ என்னும் ஈரெழுத்துக் குறியீட்டின் கீழும் அமைந்தன. எழுத்துரு எங்கிருக்கும் என்பது உலகளாவிய உடன்பாடாகிவிட்டதால், சென்னையில் ஒருவர் உருவாக்கும் தமிழ் எழுத்துருத் தொகுதி, யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ உள்ள டெபியன் கணினியிலும் மாற்றமின்றி இயங்கும். சிறுபான்மை மொழிகளின் தன்னார்வலர்கள் தம் உழைப்பை ஒருமுறை செய்து எங்கும் பயன்பெற முடிந்ததற்கு, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத இவ்வொழுங்கே அடித்தளமாயிற்று.

பார்ட்டிஷன் என்னும் வரம்பு

அடைவு என்பது பெயர்களின் ஒழுங்கு. வட்டுப் பிரிவு, அதாவது பார்ட்டிஷன், என்பது இடத்தின் ஒழுங்கு. 10 மெகாபைட் வன்வட்டுடன் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினிக்காக 1983 மார்ச்சில் வெளியான பிசி டாஸ் 2.0, உள்ளடைவுகளை அறிமுகப்படுத்தியதோடு, வன்வட்டைப் பிரிவுகளாக வகுக்கும் அட்டவணையையும் கொண்டுவந்தது. வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவின் விவரத்துக்கும் 16 பைட்டுகள் தேவைப்பட்டமையால் முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் இருக்க இயலவில்லை. அவற்றுள் ஒன்றை விரிவுப் பிரிவாக்கி அதற்குள் உட்பிரிவுகளை அமைக்கும் வழி பின்னர் காணப்பட்டது. லினக்ஸில் அவ்வுட்பிரிவுகளின் எண்கள், முதன்மைப் பிரிவுகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை விட்டுவைத்து, ஐந்திலிருந்து தொடங்குவது இதனாலேயே. வட்டின் அளவைக் குறிக்க ஒதுக்கிய இடமும் குறுகியது என்பதால், வழக்கமான வட்டுகளில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அவ்வட்டவணையால் ஆள இயலவில்லை. இவ்வரம்புகளைக் களைய வந்த ஜிபிடி என்னும் புதிய அட்டவணையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு.

ஒரே இயங்குதளத்துக்கும் பல பிரிவுகளை ஒதுக்குவது ஏன் என்பதற்கு மாத்தூர் மக்கள் அன்றாடம் காணும் காட்சியிலேயே விடையுண்டு. 1969-இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் போன்ற இடங்களில் பெரும் எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றிக் கரைச்சுவர் எழுப்பப்படுவது, ஒரு தொட்டி கசிந்தாலும் எண்ணெய் அந்த வரம்பைத் தாண்டிப் பரவாமல் இருப்பதற்காக. வட்டுப் பிரிவும் அத்தகைய வரம்பே. பிழையான நிரலொன்று நிகழ்வுப் பதிவுகளை ஓயாது எழுதி ‘வார்’ அடைவை நிரப்பிவிடும்போது, அது வேரோடு ஒரே பிரிவில் இருந்தால் கணினி முழுவதும் இடமின்றித் திணறிப் பயனர் உள்நுழைவதே தடைப்படக்கூடும்; தனிப் பிரிவில் இருந்தாலோ பாதிப்பு அப்பிரிவோடு நின்றுவிடும். ‘ஹோம்’ தனிப் பிரிவாக இருந்தால், இயங்குதளம் பழுதுற்று மீண்டும் நிறுவப்படும்போதும், வேர்ப் பிரிவு மட்டும் அழித்தெழுதப்பட, பயனரின் ஆவணங்கள் தொடப்படாமல் தப்புகின்றன.

எல்லாப் பிரிவுகளுக்கும் இத்தகைய நிலையான காரணம் இருந்ததில்லை. பழைய கணினிகளின் அடிப்படை நிரலான பயாஸ், வட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பால் படிக்க இயலாததாக இருந்ததால், கருநிரலை வட்டின் தொடக்கத்திலேயே வைக்கும்பொருட்டுச் சிறிய ‘பூட்’ பிரிவொன்று தேவைப்பட்டது. அக்குறை நீங்கிய பின்னரும் அப்பிரிவைப் பலர் காரணம் அறியாமலே தொடர்ந்தனர். மறுபுறம், பிரிவுகளை மிகுதியாக வகுப்பதிலும் இழப்புண்டு: ஒன்றில் இடம் மிகுந்து கிடக்க மற்றொன்று நிறைந்துவிடும்போது, எல்லையை நகர்த்துவது ஆவணங்களை இழக்கும் ஆபத்துடைய வேலையாகிறது.

மாணவர் மடிக்கணினியின் உள்ளே

இரட்டைத் தொடக்க முறையில், விண்டோஸ் என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையிலும், லினக்ஸ் தனக்குரிய எக்ஸ்ட் வரிசைக் கோப்பு முறைமையிலும் தத்தம் பிரிவுகளில் இயங்குகின்றன. லினக்ஸால் விண்டோஸ் பிரிவைத் தன் மரத்தின் ஓர் அடைவின்மீது ஏற்றிப் படிக்கவும், 2007-இல் நிலைத்த பதிப்பு வெளியான என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் நிரலின் உதவியால் அதில் எழுதவும் முடிந்தது. விண்டோஸோ லினக்ஸின் பிரிவைத் தானாகப் படிக்க அறியாது. ஆகவே லினக்ஸில் இருந்த மாணவரால் தம் இரு பக்கக் கோப்புகளையும் காண முடிய, விண்டோஸில் இருந்தவருக்கு லினக்ஸ் பக்கம் பயனற்றுக் கிடக்கும் வெற்றிடமாகவே தோன்றியது.

இத்தோற்றம் ஒரு பெருந்தவறுக்கு வழிவகுக்கக்கூடியது. இயங்குதளத் தேர்வைத் திரையில் காட்டும் கிரப் என்னும் தொடக்க நிரலின் முதற்கூறு, வட்டின் முதல் 512 பைட்டுகளிலும் அதனையடுத்த இடைவெளியிலும் இருக்க, அதன் எஞ்சிய கூறுகளும் தேர்வுப் பட்டியலும் லினக்ஸ் பிரிவினுள் ‘பூட்’ அடைவில் இருந்தன. இடம் மிச்சமாகும் என்றெண்ணி விண்டோஸிலிருந்தபடியே லினக்ஸ் பிரிவை நீக்குபவர், தம்மை அறியாமல் விண்டோஸுக்குச் செல்லும் வழியையும் நீக்கிவிடுகிறார்; அடுத்தமுறை கணினியை இயக்கும்போது, கிரப்பின் முதற்கூறு தன் மறுபாதியைத் தேடிக் காணாமல், கறுப்புத் திரையில் மீட்புக் கட்டளைக்காகக் காத்து நின்றுவிடும். விண்டோஸும் ஆவணங்களும் வட்டில் பழுதின்றி இருந்தபோதும் கணினியே கெட்டுவிட்டது என்று கருதப்படும் இந்நிலை, தொடக்கப் பகுதியை மட்டும் மீண்டும் எழுதுவதால் தீரக்கூடியது. அதனை அறியாமல் வட்டு முழுவதையும் அழித்து நிறுவும்போதுதான் மீளா இழப்பு நேர்கிறது. மாணவர் கைக்குக் கணினியைத் தருவதோடு, அதன் வட்டில் எந்த எல்லை எதனைக் காக்கிறது என்னும் அறிவையும் தருவது அத்தகைய திட்டத்தின் பிரிக்க முடியாத கூறாக இருக்க வேண்டும். அறிவு சேராத உடைமை நெடுநாள் பயன்படுவதில்லை.

அழிந்த எல்லையும் நிலைத்த எல்லையும்

வேர் வட்டுக்கும் ‘யூஎஸ்ஆர்’ வட்டுக்கும் இடையே எழுந்த பிரிவு, அதனைத் தோற்றுவித்த இடநெருக்கடி மறைந்த பின்னரும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தது. முழு இயங்குதளமும் வட்டின் சிறு மூலையில் அடங்கிவிடும் காலத்தில், ஒரு கட்டளை இரண்டு ‘பின்’ அடைவுகளுள் எதில் இருக்க வேண்டும் என்று தொகுப்பாளர்கள் விவாதிக்க வேண்டியிருந்தது. 2012-இல் ஃபெடோரா தன் 17-ஆம் பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்கி, பழைய பாதைகள் புதிய இடத்தைச் சுட்டும் இணைப்புகளாக மட்டும் நிற்கும்படி செய்தது. 2019-இல் டெபியன் புதிய நிறுவல்களில் இதனை இயல்பாக்கி, 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பில் கட்டாயமாக்கியது. டெபியனைச் சார்ந்து வளரும் தொகுப்புகளும் அவ்வழியே செல்கின்றன.

இயங்குதளத்தின் உடைமைக்கும் பயனரின் உடைமைக்கும் இடையிலான எல்லையோ இதே காலத்தில் மேலும் உறுதிப்பட்டது. லினக்ஸ் கருநிரலின்மீது இயங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இயங்குதளம் படிக்க மட்டுமே கூடிய தனிப் பிரிவிலும், பயனரின் செயலிகளும் படங்களும் தகவல்களும் வேறு பிரிவிலும் உள்ளன. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், இயங்குதளப் பிரிவையே இரு படிகளாக வைத்து, ஒன்று இயங்கும்போது மற்றொன்றைப் புதுப்பித்து, புதியது பழுதானால் பழையதற்குத் திரும்பும் முறையும் இயன்றது. ஆலை நிலைக்கு மீட்டல் என்னும் கட்டளை பயனரின் பிரிவை மட்டுமே அழிப்பதும் இவ்வெல்லையின் விளைவே. அதனால் பிழைப்பது இயங்குதளம், அழிவது மனிதரின் ஆவணம் என்பதை உணர்ந்து படியெடுத்து வைக்க வேண்டிய பொறுப்பு பயனருடையதாகிறது.

வட்டின் விலையும் கொள்ளளவும் மாறும்போது பொருளற்றுப்போன எல்லை தற்செயலானது. அவை எவ்வளவு மாறினும் பொருள் குன்றாத எல்லை கொள்கையின்பாற்பட்டது. உருவாக்கியவர் தந்ததும், கணினி தானே எழுதிக்கொள்வதும், மனிதர் தம் உழைப்பால் படைத்ததும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்னும் கொள்கை, பெல் ஆய்வகத்தின் 512 கிலோபைட் வட்டிலிருந்து வடசென்னை மாணவரின் மடிக்கணினி வழியாக இன்றைய கைப்பேசி வரை மாறாமல் வந்துள்ளது. இவ்வாறு காக்கப்படும் ஆவணங்களின் உள்ளே தமிழ் எழுத்துகள் எவ்வெண்களாகப் பதிவாகின்றன என்பதையும், 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றதன் பின்னணியையும் அடுத்த இயல் விவரிக்கும்.